ஒரே ஆன்லைன் கல்லூரியா, இருக்கும் கல்லூரிகளை இணைப்பதா? கலிஃபோர்னியா கண்ட விடை

கேள்வி இது: “கலிஃபோர்னியாவின் அரசு சமுதாயக் கல்லூரிகள் நூற்றுக்கும் மேல். அத்தனையிலும் ஆன்லைன் படிப்பை எப்படி விரிவாக்கினார்கள்? ஒவ்வொரு கல்லூரியும் தனியாகத் திண்டாடுவதைவிட, அரசே ஒரு ஆன்லைன் கல்லூரி தொடங்கி எல்லோரையும் அதில் சேர்த்துக்கொண்டால் வேலை முடிந்ததே?”

இரண்டையுமே செய்து பார்த்துவிட்டார்கள். இரண்டுக்கும் வித்திட்டவர் ஒரே ஆளுநர், ஜெர்ரி பிரவுன். அதனால் ஒப்பிட்டுப் பார்ப்பது சுலபம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இருக்கும் கல்லூரிகளை ஒன்றோடொன்று இணைத்த வழி மெதுவானது, அலுப்பூட்டுவது, செய்தித்தாளில் தலைப்புக்கு வராதது. பெருவாரி மாணவர்களுக்குப் பயன்பட்டது அதுதான். புதிதாக ஒரு ஆன்லைன் கல்லூரி என்ற யோசனை கேட்க அழகாக இருந்தது. முதல் சில ஆண்டுகள் அது பட்ட பாடு கொஞ்சமல்ல.

முதலில் இந்த அமைப்பைப் பற்றிக் கொஞ்சம். 116 கல்லூரிகள், அவற்றை நிர்வகிக்கும் 73 கல்லூரி மாவட்டங்கள், ஏறத்தாழ 20 லட்சம் மாணவர்கள். அமெரிக்காவிலேயே பெரிய உயர்கல்வி அமைப்பு இது. செவிலியர் படிப்பு, வெல்டிங், கணக்கியல் என்று வேலைக்கான சான்றிதழ்கள் ஒரு பக்கம். இரண்டு ஆண்டு இங்கே படித்துவிட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு மாறிப் பட்டம் முடிப்பது இன்னொரு பக்கம். மாநிலவாசிகளுக்குக் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு (பாட அளவின் அலகு) 46 டாலர். 2012 முதல் அது மாறவில்லை. மூன்று யூனிட் பாடம் ஒன்று 138 டாலர். நுழைவுத் தேர்வு கிடையாது, மதிப்பெண் வடிகட்டலும் கிடையாது.

இதில் கவனிக்க வேண்டியது அந்த 73 என்ற எண். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வாக்காளர் தேர்ந்தெடுத்த தனி நிர்வாகக் குழு, தனி ஆசிரியர் ஒப்பந்தம், தனி மாணவர் பதிவு மென்பொருள். மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் வேந்தர் அலுவலகம் என்று ஒரு தலைமையகம் உண்டு. ஆனால் ‘நாளை முதல் எல்லோரும் இப்படிச் செய்யுங்கள்’ என்று அது ஆணையிட முடியாது. காசு கொடுத்து இழுக்கலாம், விதி வகுத்து நெருக்கலாம், அவ்வளவுதான். ஆன்லைன் விரிவாக்கத்தின் முக்கால் பங்கு சிக்கலும் இந்த ஏற்பாட்டிலிருந்து வந்தவை. இணைய வேகம், காணொளித் தரம் எல்லாம் பிறகுதான்.

தேவை எங்கிருந்து வந்தது? 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் மாநில அரசு நிதியை வெட்டியது. கல்லூரிகள் வகுப்புகளைக் குறைத்தன. 2008-09இல் ஏறத்தாழ 29 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை மூன்றே ஆண்டில் 24 லட்சத்துக்கு இறங்கியது. படிக்க ஆளில்லாமல் அல்ல, உட்கார இடமில்லாமல். 2012 இலையுதிர் பருவத் தொடக்கத்தில் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் காத்திருப்புப் பட்டியலில் நின்றார்கள். எல்லாப் பாடங்களையும் முடித்துவிட்டுப் புள்ளியியல் ஒன்றுக்கு மட்டும் இடம் கிடைக்காமல் ஒரு பருவம், சில சமயம் ஒரு வருடம் தள்ளிப்போனவர்கள் ஏராளம். அதே நேரத்தில் வேறொரு ஊர்க் கல்லூரியில் அதே பாடத்தில் சில இடங்கள் காலியாக இருந்திருக்கும். ஆக, மாணவருக்கு அவசரமாகத் தேவைப்பட்டது முழு ஆன்லைன் பட்டம் அல்ல. தடுக்கி நிற்கும் அந்த ஒரு பாடத்துக்கு ஒரு நாற்காலி.

2013 தொடக்கத்தில் இதற்கு ஒரு குறுக்குவழி தேடினார்கள். மூக் எனப்படும் பெருந்திரள் ஆன்லைன் வகுப்புகள் உச்சத்தில் இருந்த நேரம். சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் (இது சமுதாயக் கல்லூரி அல்ல, மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழக அமைப்பைச் சேர்ந்தது) உடாசிட்டி என்ற ஆன்லைன் வகுப்பு நிறுவனத்தோடு சேர்ந்து 150 டாலருக்கு மூன்று கணிதப் பாடங்களை நடத்தியது. தேர்ச்சி விகிதம் படுமோசமாக வந்தது. அந்த ஜூலையிலேயே ‘தற்காலிகமாக நிறுத்தி வைக்கிறோம்’ என்று அறிவித்தார்கள். ஏற்கெனவே கணக்கில் தடுமாறியவர்களைத் தனியாகத் திரை முன்னால் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. அதே ஆண்டு மாநிலச் சட்டமன்றத்தின் மேலவைத் தலைவர் டேரல் ஸ்டைன்பெர்க், இடம் கிடைக்காத பாடங்களை வெளி நிறுவனங்களிடம் ஆன்லைனில் படித்தாலும் அரசுக் கல்லூரிகள் கிரெடிட் தர வேண்டும், அதாவது அதை முடித்த பாடமாகக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். ஆசிரியர்கள் கொதித்தெழுந்தார்கள். மசோதா கிடப்பில் போனது.

வெளியாள் வழி அடைபட்ட பிறகுதான் உள்ளேயே செய்யும் வழி கவனம் பெற்றது. 2013-14 பட்ஜெட்டில் முதல் தவணையாக 1.69 கோடி டாலர், அடுத்து ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் என்று ‘ஆன்லைன் கல்வி முன்முயற்சி’ தொடங்கியது. இதை நடத்தும் பொறுப்பு ஃபுட்ஹில்-டி அன்சா மாவட்டத்துக்குப் போனது. வடக்கே இருக்கும் பியூட் கல்லூரி கூட்டாளி. தலைமையகமே நடத்தாமல் ஒரு கல்லூரி மாவட்டத்திடம் ஒப்படைத்தது புத்திசாலித்தனம் என்பேன். சக கல்லூரி சொன்னால் கேட்பார்கள். தலைநகரம் சொன்னால் முதலில் எதிர்ப்பார்கள்.

முதல் வேலை, எல்லோருக்கும் பொதுவான ஒரு கற்றல் மேலாண்மை மென்பொருள், அதாவது ஆன்லைன் பாடம் நடக்கும் தளம். ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொன்றை வைத்திருந்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் இருந்த தேர்வுக் குழு 2015இல் கேன்வஸ் என்ற மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது. செலவை மாநிலமே ஏற்றுக்கொண்டது. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் கைக்காசு போட்டுப் பழையதையே வைத்துக்கொள்கிறேன் என்று எந்த நிர்வாகக் குழுவும் நெடுநாள் பிடிவாதம் பிடிக்க முடியாதே! சில ஆண்டுகளில் கிட்டத்தட்ட எல்லாக் கல்லூரிகளும் வந்து சேர்ந்தன. 2020 மார்ச்சில் கொரோனா வந்து வகுப்புகள் எல்லாம் ஒரே வாரத்தில் வீட்டுக்குப் போனபோது, இந்த ஒரு முடிவுதான் பெரும் குழப்பத்தைத் தவிர்த்தது. மற்றபடி, மென்பொருள் வாங்குவதுதான் மொத்தத் திட்டத்திலும் எளிதான பகுதி. பல ஊர்களில் இதை முடித்துவிட்டு ‘ஆன்லைனுக்கு மாறிவிட்டோம்’ என்று விழா எடுத்துவிடுகிறார்கள்.

அடுத்தது பாடத்தின் தரம். இங்கே ஒரு சங்கடமான உண்மையைப் பேசியாக வேண்டும். கலிஃபோர்னியா பொதுக்கொள்கை ஆய்வு நிறுவனம் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, மாணவர்களின் பின்னணி வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்த பிறகும், ஆன்லைன் பாடங்களில் தேர்ச்சி நேரடி வகுப்பைவிட 11 முதல் 14 சதவீதப் புள்ளிகள் குறைவு. அதற்கு முந்தைய ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி ஆய்வு மையத்தைச் சேர்ந்த டி ஷூவும் ஷானா ஸ்மித் ஜாகர்ஸும் வாஷிங்டன் மாநிலத்தில் 40,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் ஏறத்தாழ ஐந்து லட்சம் பாடப் பதிவுகளை அலசினார்கள். ஆன்லைனுக்கு மாறும்போது சறுக்கல் எல்லோருக்கும் உண்டு. ஆனால் ஆண்கள், வயதில் இளையவர்கள், கறுப்பின மாணவர்கள், முன்பே குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள் ஆகியோருக்கு அது அதிகம் என்று கண்டார்கள். எந்த மாணவருக்காகச் சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாடே இருக்கிறதோ, அவருக்குத்தான் அடி பலமாக விழுகிறது.

இதை மட்டும் படித்தால் ஆன்லைனையே மூடிவிடலாம் என்று தோன்றும். ஆனால் அதே 2014 ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது: சில பாடங்களையாவது ஆன்லைனில் எடுத்தவர்கள், ஒன்றுமே எடுக்காதவர்களைவிட அதிக அளவில் இரண்டாண்டுப் பட்டம் பெற்றார்கள், பல்கலைக்கழகத்துக்கு மாறினார்கள். இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும்? நான் புரிந்துகொண்டது இது. தனித்தனிப் பாடமாகப் பார்த்தால் ஆன்லைனில் தோற்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் மாலை வேலைக்குப் போகிறவர், குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர் முன்னால் இருந்த தேர்வு ‘ஆன்லைனா, நேரடியா’ என்பது அல்ல. ‘ஆன்லைனா, இந்தப் பருவம் அந்தப் பாடமே இல்லையா’ என்பது. ஒரு பாடத்தைக் கூடுதலாக எடுக்க முடிந்ததே அவரைப் படிப்பில் தக்கவைத்தது. நேர நெருக்கடியை ஆன்லைன் தீர்க்கிறது, கற்றலின் கடினத்தை அது தீர்ப்பதில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் திட்டங்கள்தான் தோற்கின்றன.

ஆகவே தேர்ச்சியில் இருக்கும் அந்த 11 முதல் 14 புள்ளி இடைவெளியைக் குறைப்பதுதான் உண்மையான வேலை. இதற்காக ஒரு மதிப்பீட்டு அட்டவணை உருவாக்கினார்கள். பாடத்தை முன்வைக்கும் விதம், ஆசிரியர்-மாணவர் தொடர்பு, மதிப்பீடு, மாற்றுத்திறனாளிகள் அணுகும் வசதி என நான்கு பகுதிகள். ஆசிரியரின் ஆன்லைன் பாடத்தை வேறு ஆசிரியர்கள் பார்த்து, இது புரியவில்லை, இந்த வாரத்துக்கு அறிமுகம் இல்லை, மாணவர் கேட்ட கேள்விக்கு எப்போது பதில் வரும் என்று எங்கேயும் சொல்லவில்லை என்று குறிப்பு எழுதுவார்கள். பயிற்சி பெற்ற சக ஆசிரியர்தான் பார்வையாளர். நிர்வாகியோ ஆய்வாளரோ இல்லை. ஆசிரியர் சங்கங்கள் இதை ஏற்றுக்கொண்டதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். கூடவே ஆன்லைன் டியூஷன், ஆன்லைன் ஆலோசகர், முதல்முறை ஆன்லைனில் படிப்பவருக்கான முன்தயாரிப்புப் பாடம் எல்லாவற்றையும் மாநில அளவில் பேரம் பேசி வாங்கிக் கொடுத்தார்கள். இரவு பதினொரு மணிக்குக் கணக்கில் சிக்கிக்கொள்பவருக்கு, பகல் ஐந்து மணிக்கு மூடிவிடும் உதவி மையத்தால் என்ன பயன்?

இங்கே வெளியாருக்குத் தெரியாத ஒரு சட்டச் சிக்கல் உண்டு. 1961 முதல் கலிஃபோர்னியாவில் ‘ஐம்பது சதவீதச் சட்டம்’ என்று ஒன்று இருக்கிறது. மாவட்டத்தின் கல்விச் செலவில் பாதியாவது வகுப்பு நடத்தும் ஆசிரியர்களின் சம்பளமாகப் போக வேண்டும். நல்ல நோக்கம்தான், நிர்வாகச் செலவு பெருத்துவிடக் கூடாது என்று. ஆனால் ஆலோசகர், நூலகர், பாட வடிவமைப்பாளர், தொழில்நுட்ப உதவியாளர் எல்லோரும் கணக்கில் மறுபக்கம் வருகிறார்கள். ஆன்லைன் படிப்பு நன்றாக நடக்க யார் யார் தேவையோ அவர்களை வேலைக்கு வைத்தால் சட்ட வரம்பு இடிக்கும். ஆன்லைன் திட்டம் தீட்டுபவர்கள் முதலில் போய்ப் பேச வேண்டியது கணக்குப் பிரிவிடம் என்று நான் சொல்வது இதனால்தான்.

மூன்றாவதும் கடினமானதும் ‘பாடப் பரிமாற்றம்’. ஒரு கல்லூரி மாணவர், தன் கல்லூரியில் இடமில்லாத பாடத்தை இன்னொரு கல்லூரியில் ஆன்லைனில் தேடி, திரும்ப விண்ணப்பிக்காமல் சேர்ந்துவிட வேண்டும். கேட்க எளிது. இப்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மாநில நிதியின் பெரும்பகுதி, எத்தனை முழுநேர மாணவருக்குச் சமமான பாடம் நடக்கிறது என்ற கணக்கில், பாடம் நடத்தும் கல்லூரிக்கே போகும். அப்படியானால் சொந்த மாணவரை வேறு கல்லூரிக்கு அனுப்பிவைக்க எந்தக் கல்லூரிக்கு மனம் வரும்? காத்திருப்புப் பட்டியல் நிரம்பி வழிந்த காலத்தில் இது பெரிதாகத் தெரியவில்லை. சேர்க்கை குறைய ஆரம்பித்ததும் எல்லோரும் கதவைச் சாத்தப் பார்த்தார்கள். அடுத்து, மத்திய அரசின் கல்வி உதவித்தொகையை ஒரே நேரத்தில் ஒரு கல்லூரிதான் தர முடியும். இரண்டு இடத்தில் படிப்பதை ஒன்றாகக் கூட்டிக் கணக்கிடக் கல்லூரிகளுக்கிடையே தனி ஒப்பந்தம் வேண்டும். இல்லாவிட்டால் முழுநேர மாணவர் என்ற தகுதி போய் உதவித்தொகை சுருங்கும். முன்தேவைப் பாடங்களை மாணவர் முடித்தாரா என்பதைப் பாடம் நடத்தும் கல்லூரி எப்படி அறியும்? மதிப்பெண் எப்படித் தானாகத் திரும்பி வரும்? ஒரு கல்லூரியில் பருவம் ஆகஸ்ட் நடுவில் தொடங்கும், இன்னொன்றில் செப்டம்பர் கடைசியில். சில கல்லூரிகள் அரையாண்டுப் பருவம், சில காலாண்டு. இவற்றையெல்லாம் சேர்க்க ‘தாய்க் கல்லூரி’, ‘நடத்தும் கல்லூரி’ என்று இரண்டு நிலைகள் வகுத்து, ஒவ்வொரு கல்லூரியின் பதிவு மென்பொருளையும் ஒவ்வொன்றாக இணைத்தார்கள். பல்லாண்டு வேலை இது, எல்லாக் கல்லூரியும் ஒரே வேகத்தில் வரவும் இல்லை.

இதோடு பாட எண் பிரச்சினை வேறு. ஒரு கல்லூரியில் புள்ளியியல் 10, இன்னொன்றில் கணிதம் 54. இரண்டும் ஒரே பாடம்தானா என்று மாணவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பல்கலைக்கழகம் ஏற்குமா? 2021இல் இயற்றிய சட்டம் எல்லாக் கல்லூரிகளிலும் பொதுவான பாட எண் வேண்டும் என்றது. முதல் தொகுதிப் பாடங்கள் 2025 இலையுதிர் பருவத்தில் புது எண்ணோடு வந்தன. ஆன்லைன் பரிமாற்றம் தொடங்கிப் பத்தாண்டு கழித்து. என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். ஆனால் பாட எண் மாற்றத்துக்கு யாரும் நாடா வெட்ட வரமாட்டார்கள்.

இனி அந்தத் தனி ஆன்லைன் கல்லூரி. 2018இல் பிரவுன், உயர்நிலைப் பள்ளியோடு அல்லது பாதிக் கல்லூரியோடு நின்றுவிட்ட வேலை செய்யும் இளைஞர்களுக்காக, முழுக்க ஆன்லைனில் இயங்கும் அரசுக் கல்லூரி ஒன்றை முன்மொழிந்தார். 25 முதல் 34 வயதுக்குள் அப்படிப்பட்டவர் 25 லட்சம் பேர் இருப்பதாகக் கணக்கு. தொடக்கச் செலவு 10 கோடி டாலர், ஆண்டுக்கு 2 கோடி. கால்பிரைட் என்று பெயர். பருவம் கிடையாது, எப்போது வேண்டுமானாலும் சேரலாம், தன் வேகத்தில் முடிக்கலாம், கட்டணம் இல்லை. தகவல் தொழில்நுட்ப உதவி, இணையப் பாதுகாப்பு, மருத்துவக் குறியீடு ஆகிய படிப்புகளோடு 2019 அக்டோபரில் திறந்தார்கள்.

மூன்று மாதத்தில் முதல் தலைவர் பதவி விலகினார். இருக்கும் கல்லூரிகள் தருவதையே இது திரும்பத் தருகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் புகார் செய்தன. 2021 மே மாதம் மாநிலத் தணிக்கையாளர் அறிக்கை வந்தது: முதல் ஆண்டில் சேர்ந்த 904 பேரில் படிப்பை முடித்தவர்கள் 12 பேர். தேறாவிட்டால் மூடிவிடலாம் என்றது அறிக்கை. மூடச் சொல்லும் மசோதா கீழவையில் எதிர்ப்பின்றி நிறைவேறியது; மேலவை அதை எடுத்துக்கொள்ளாததால் கல்லூரி பிழைத்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், பின்னர் அது நிமிர்ந்தது. சேர்க்கை ஆயிரக்கணக்கில் உயர்ந்தது, புதிய தலைமை ஒழுங்குபடுத்தியது. இலக்கு தவறு என்றும் நான் சொல்லமாட்டேன். பருவ அட்டவணைக்குள் அடங்காத மாணவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். ஆனால் புதுக் கல்லூரி என்றால் அங்கீகாரம், உதவித்தொகைத் தகுதி, ஆசிரியர் நியமனம், வேலைதரும் நிறுவனங்களின் நம்பிக்கை எல்லாம் பூஜ்யத்திலிருந்து. ஏற்கெனவே அவற்றை வைத்திருந்த கல்லூரிகள் நூற்றுக்கும் மேல் பக்கத்திலேயே இருந்தன. உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதில் இருக்கிறது.

விரிவாக்கம் செய்பவர்கள் கவனிக்காமல் விடும் மூன்று விஷயங்களை விரைவாகச் சொல்கிறேன். ஒன்று, அணுகல் வசதி. 2016இல் அமெரிக்க நீதித்துறை, பெர்க்லி பல்கலைக்கழகம் இலவசமாக வெளியிட்ட விரிவுரைக் காணொளிகள் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் பயன்படும்படி இல்லை என்றது. சரிசெய்யும் செலவைப் பார்த்து, 2017இல் 20,000க்கும் மேற்பட்ட காணொளிகளை அவர்கள் பொதுப் பார்வையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பாடம் எடுக்கும்போதே சப்டைட்டில் சேர்த்தால் ஆகும் செலவையும் பிறகு மொத்தமாகச் சேர்ப்பதற்கு ஆகும் செலவையும் ஒப்பிட வேறு உதாரணம் வேண்டாம். இரண்டு, ஆசிரியர் தொடர்பு. மத்திய விதிப்படி, ஆசிரியர் தாமாகத் தொடங்கும் முறையான, பொருளுள்ள உரையாடல் இல்லாத பாடம் அஞ்சல்வழிப் பாடமாகிவிடும். அது மிகுந்தால் உதவித்தொகைத் தகுதிக்கே ஆபத்து. வெஸ்டர்ன் கவர்னர்ஸ் என்ற ஆன்லைன் பல்கலைக்கழகம் 71 கோடி டாலரைத் திருப்பித் தர வேண்டும் என்று 2017இல் மத்தியத் தணிக்கை பரிந்துரைத்தது இந்தக் காரணத்தால்தான். 2019இல் கல்வித் துறை அதைத் தள்ளுபடி செய்தது, ஆனால் அந்த நடுக்கம் எல்லாக் கல்லூரிகளிலும் இருந்தது.

மூன்றாவது, போலி மாணவர்கள். யாரும் எதிர்பார்க்காதது இது. நுழைவுத் தடையில்லாத, நேரில் முகம் காட்டத் தேவையில்லாத பாடங்கள் பெருகியதும், உதவித்தொகையைச் சுருட்டும் கும்பல்கள் கணினி நிரல்களை வைத்து விண்ணப்பிக்க ஆரம்பித்தன. 2021இல் விண்ணப்பத் தளத்துக்கு வந்த போக்குவரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தீங்கானது என்று வேந்தர் அலுவலகமே சொன்னது. வகுப்பு முதல் நாளே நிரம்பிவிடும்; உண்மையான மாணவர் வெளியே நிற்பார். முதல் வாரத்திலேயே ஓர் அறிமுகப் பதிவு எழுதச் சொல்லி, எழுதாதவரை நீக்கும் வழக்கம் ஆசிரியர்களிடையே பரவியது. இப்போது அந்தப் பதிவையும் இயந்திரமே எழுதித் தருகிறது. அடையாளச் சரிபார்ப்பை இறுக்கினால் முகவரியில்லாதவரும் ஆவணமில்லாதவரும் அடிபடுவார்கள். திறந்த கதவு என்பதே இந்தக் கல்லூரிகளின் அடையாளம். இதற்கு நல்ல விடை இன்னும் யாரிடமும் இல்லை.

முழுப் பட்டத்தையும் ஆன்லைனில் தரலாமா என்று அடுத்து கேட்பீர்கள். சில துறைகளில் தரலாம். வெல்டிங், செவிலியர் பயிற்சி, வேதியியல் ஆய்வகம் போன்றவற்றில் பாதிக்கு மேல் போக முடியாது. பெரும்பாலான மாணவருக்கு இரண்டு பாடம் நேரில், ஒன்று ஆன்லைனில் என்ற கலவையே பொருந்துகிறது. முதல் பருவத்திலேயே எல்லாவற்றையும் ஆன்லைனில் எடுக்க நினைப்பவரை, நல்ல ஆலோசகர் ஒரு பாடத்தோடு தொடங்கச் சொல்வார்.